ஆக்சிஜனை விடத் தெரிந்த புரதம்

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இன்னும் பல வீடுகளில் மாத்திரை டப்பாவோடு கிடக்கிறது. 97, 98 காட்டினால் நிம்மதி, 93-க்குக் கீழே போனால் பதற்றம். அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால், 'ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவு' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பாதிதான் சரி. தமனி ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டுமே அந்தக் கருவி சொல்லும். மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. ரத்தசோகையால் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 6 கிராம் என்று இறங்கிப்போன ஒருவருக்கும் அது 98 காட்டலாம். இருப்பதெல்லாம் நிரம்பித்தான் இருக்கிறது, இருப்பதுதான் குறைவு.

இன்னொன்றையும் அது சொல்லாது: ஏற்றிய ஆக்சிஜன் தசையிலும் மூளையிலும் இறங்கியதா? பாடப் புத்தகத்தில் 'ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் கடத்துகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கடத்துவதில் ஏற்றுவதும் உண்டு, இறக்குவதும் உண்டு. ஏற்றுவது அத்தனை பெரிய வித்தை இல்லை. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு விடுவதுதான் சிரமம். ஹீமோகுளோபினின் வடிவம், அதை வைத்திருக்கும் சிவப்பணு, அந்த அணு குளுக்கோஸைச் செலவழிக்கும் விதம் என எல்லாவற்றையும் இந்த விடுகிற வேலையின் பக்கமிருந்து பார்த்தால்தான் பல விஷயங்கள் பிடிபடுகின்றன.

முதலில் ஹீமோகுளோபின் எதற்கு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆக்சிஜன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. 100 மில்லி தமனி ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லி. ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு 1.34 மில்லி ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் அது ஏறக்குறைய 20 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கிறது. இது இல்லாமல் மனித உடம்பு போன்ற பெரிய உடம்பு ஓடாது.

மூலக்கூறைப் பார்த்தால் நான்கு புரதச் சங்கிலிகள். 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்பா இரண்டு, 146 கொண்ட பீட்டா இரண்டு. ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் ஹீம் என்ற தட்டையான வளையம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து ஒட்டுவது இந்த இரும்பில்தான். ஆக நான்கு இடங்கள். ஒரு சிவப்பணுவுக்குள் இப்படி ஏறக்குறைய 27 கோடி மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

நான்கு எதற்கு? தசைக்குள் மயோகுளோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது. ஒரே சங்கிலி, ஒரே ஹீம். அதுவும் ஆக்சிஜனைப் பிடிக்கும், ஹீமோகுளோபினைவிடப் பலமாகவே பிடிக்கும். ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் 2, 3 மி.மீ. பாதரச அளவுக்கு விழுந்தால்தான் பாதியையாவது விடும். நுரையீரலில் அழுத்தம் சுமார் 100. ஓய்வில் இருக்கும் திசுக்களிலிருந்து திரும்பும் ரத்தத்தில் 40. ரத்தத்தில் மயோகுளோபின் ஓடினால் நுரையீரலில் முழுக்க நிரம்பிக்கொண்டு, திசுவைச் சுற்றி வந்து, கிட்டத்தட்ட அப்படியே திரும்பிப் போகும். ஹீமோகுளோபின் பாதியை விடுவது 26, 27-இல். 100-இல் 97 சதவீதம் நிரம்பி, 40-இல் 75 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. உழைக்கும் தசையில் அழுத்தம் இன்னும் விழும்போது மளமளவென்று கொட்டிவிடும். நான்கு சங்கிலிகளும் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்வதால்தான் இது நடக்கிறது. ஒன்றில் ஆக்சிஜன் ஏறினால் மற்றவை ஏற்றிக்கொள்ள எளிதாகிறது. ஒன்று விட்டால் மற்றவையும் விடத் தயாராகின்றன.

சேதி எப்படிப் போகிறது என்பதற்கான முதல் தடயம் ஒரு மைக்ரோஸ்கோப்பின் அடியில் கிடைத்தது. 1930களில் பிராகில் ஃபெலிக்ஸ் ஹவுரோவிட்ஸ் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகங்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுகோணத் தட்டுகளாக இருந்த படிகங்கள், ஓரத்திலிருந்து காற்று நுழையத் தொடங்கியதும் கரைந்து, அந்த இடத்தில் ஊசி ஊசியாக வேறு படிகங்கள் முளைத்தன. ஆக்சிஜன் சும்மா வந்து ஒட்டிக்கொண்டால் படிகம் ஏன் கலைய வேண்டும்? மூலக்கூறின் வடிவமே மாறியிருக்க வேண்டும். ஹவுரோவிட்ஸின் மனைவிவழி உறவினர்தான் மேக்ஸ் பெரூட்ஸ். 1937-இல் பிராகுக்கு வந்த அவரிடம் ஹீமோகுளோபினை எடுத்து ஆராய்ந்து பார் என்று சொல்லி அனுப்பினார் ஹவுரோவிட்ஸ். பெரூட்ஸ் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து எக்ஸ்ரே மூலம் அதன் வடிவத்தைக் காண 22 வருடங்கள் ஆயின. 1962-இல் நோபல் பரிசு. அப்புறமும் விடாமல், ஏறிய வடிவத்துக்கும் இறங்கிய வடிவத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை 1970 வாக்கில் விளக்கினார்.

ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு அணு ஹீம் வளையத்தின் தளத்திலிருந்து சற்று வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் ஒட்டியதும் தளத்துக்குள் வந்து அமர்கிறது. நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கில் பாதிக்கும் குறைவு. ஆனால் இரும்போடு பிணைந்திருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தையும், அதன் வழியாகச் சங்கிலியையும் அது இழுத்துவிடுகிறது. இழுபட்ட சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு போட்டிருந்த உப்புப் பிணைப்புகளை (எதிரெதிர் மின்னேற்றங்களின் ஈர்ப்பை) அறுக்கிறது. இப்படியே போய், ஒரு ஆல்பா-பீட்டா ஜோடி மற்ற ஜோடியைப் பார்த்து 15 டிகிரி அளவுக்குத் திரும்பிவிடுகிறது. இறுக்கமான வடிவம் தளர்வான வடிவமாகிறது. தளர்ந்த வடிவம் ஆக்சிஜனை விரும்பிப் பிடிக்கும். இறுகிய வடிவம் விட்டுவிடப் பார்க்கும்.

இறுகிய வடிவத்தை ஆதரிக்கும் எதுவும் ஆக்சிஜனை இறக்க உதவும். உழைக்கும் திசு கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் வெளியிடுகிறது. இரண்டும் இறுகிய வடிவத்துக்குத் துணைபோகின்றன. எங்கே வேலை நடக்கிறதோ அங்கேயே அதிகம் இறங்குகிறது. 1904-இல் கோபன்ஹேகனில் இதைக் கண்டு சொன்னவர் கிறிஸ்டியன் போர், அணு இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அப்பா.

இதுவரை சொன்னது மூலக்கூறின் கதை. ஆனால் ஹீமோகுளோபினைச் சிவப்பணுவிலிருந்து பிரித்துச் சுத்தமாகக் கழுவி எடுத்துச் சோதித்தால், அது உடம்பில் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்வதில்லை. பிடி இறுகிவிடுகிறது. பாதியை விட வேண்டிய அழுத்தம் 26-லிருந்து ஏறக்குறைய 12-க்குப் போய்விடும். அந்த நிலையில் ஓய்வில் இருக்கும் திசுவில், சுமையில் பத்தில் ஒரு பங்குகூட இறங்காது. சிவப்பணுவுக்குள் இருந்த ஏதோ ஒன்று கழுவும்போது போயிருக்கிறது. 1967-இல் ரெய்ன்ஹோல்ட், ரூத் பெனெஷ் தம்பதியரும், ஆல்ஃபிரட் சனுடின் குழுவினரும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். 2,3-பிஸ்பாஸ்போகிளிசரேட், சுருக்கமாக பி.பி.ஜி.

இந்தச் சின்ன மூலக்கூறு சிவப்பணுவில் பெரும் அளவில் இருப்பது அதற்கு முன்பே உயிர்வேதியியலாளர்களுக்குத் தெரியும். எதற்கு இத்தனை என்றுதான் தெரியவில்லை. இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கு நடுவே, இறுகிய வடிவத்தில் மட்டும், ஒரு குழி இருக்கிறது. நேர் மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. பி.பி.ஜி.யின் எதிர் மின்னேற்றங்கள் அதில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஒரு ஹீமோகுளோபினுக்கு ஒரு பி.பி.ஜி. அது உட்கார்ந்தால் இறுகிய வடிவம் நிலைக்கும், ஆக்சிஜன் இறங்கும். அணுவுக்குள் இரண்டின் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமம்.

பி.பி.ஜி. எங்கிருந்து வருகிறது? குளுக்கோஸிலிருந்து. சிவப்பணுவின் வளர்சிதை மாற்றம் இங்கேதான் கதைக்குள் வருகிறது.

எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது சிவப்பணு தன் உட்கருவைத் தூக்கி எறிகிறது. பிறகு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் எல்லாம் போகின்றன. மிஞ்சுவது ஒரு சவ்வுப் பை, அதற்குள் ஹீமோகுளோபினும் சில நொதிகளும். உடம்பிலேயே அதிக ஆக்சிஜனைக் கையாளும் இந்த அணு தனக்காக அதில் ஒரு துளியும் எடுப்பதில்லை. நெல் மூட்டை சுமக்கிறவன் வழியில் மூட்டையைப் பிரித்துத் தின்னாதது மாதிரி. ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை லாக்டிக் அமிலம் வரை உடைத்து, ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக இரண்டு ஏ.டி.பி. (உயிரணுக்கள் ஆற்றலுக்குச் செலவழிக்கும் மூலக்கூறு) சம்பாதிக்கிறது. மைட்டோகாண்ட்ரியா உள்ள அணுவுக்கு அதே குளுக்கோஸிலிருந்து 30 வரை கிடைக்கும். இந்தச் சொற்ப வருமானத்தில்தான் சோடியத்தை வெளியே தள்ளவும், சவ்வு விறைத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். 7, 8 மைக்ரான் அகலமுள்ள அணு, தன்னைவிடக் குறுகிய நுண்குழாய்களில் மடிந்து நுழைய வேண்டுமே.

அந்த இரண்டு ஏ.டி.பி.யிலும் ஒரு பங்கை அணு தெரிந்தே இழக்கிறது. குளுக்கோஸ் உடையும் பாதையின் நடுவில் ஒரு கிளைவழி பிரிகிறது. அதைக் கண்டவர்கள் பெயரால் ராப்போபோர்ட்-லூபெரிங் வழி என்பார்கள். நேர்வழியில் போனால் அந்தப் படியில் ஏ.டி.பி. கிடைக்கும். கிளைவழியில் போனால் கிடைக்காது, பதிலாக பி.பி.ஜி. உருவாகும். எல்லாமே கிளைவழியில் போனால் அணுவின் நிகர வருமானம் பூஜ்யம். பிழைப்புக்கே போதாத வருமானத்தில் ஒரு பகுதியை ஹீமோகுளோபினை விடவைப்பதற்காகச் செலவழிக்கிறது என்றால், அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம். எனக்கு உயிர்வேதியியலில் இதைவிடப் பிடித்த கணக்கு இல்லை.

இரண்டு அபூர்வமான பரம்பரை நோய்களை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். குளுக்கோஸ் பாதையின் கடைசிக் கட்டத்தில் வேலை செய்யும் பைருவேட் கைனேஸ் நொதி குறைந்தால், அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் தேங்குகின்றன; பி.பி.ஜி.யும் ஏறிவிடுகிறது. பாதையின் முதல் படியான ஹெக்சோகைனேஸ் குறைந்தால் பி.பி.ஜி. இறங்குகிறது. இரண்டிலும் சிவப்பணு சீக்கிரம் அழிந்து ரத்தசோகை வரும். ஆனால் ஹீமோகுளோபின் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தாலும், முதல் வகையினர் பரவாயில்லாமல் நடமாடுவார்கள், இரண்டாம் வகையினருக்கு மாடி ஏறவே மூச்சு வாங்கும். ரிப்போர்ட்டில் ஒரே எண். இறங்கும் ஆக்சிஜன் வேறு.

ரத்த வங்கியிலும் இதே பிரச்சினை. பையில் எடுத்த ரத்தத்தை 2 முதல் 6 டிகிரிக்குள் வைக்கிறார்கள். பைக்குள்ளும் அணு மெதுவாகக் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. அமிலம் சேர்கிறது, ஏ.டி.பி. குறைகிறது. பழைய சி.பி.டி. கரைசலில் 21 நாள் வைத்திருந்தார்கள். அதில் அடினைன் சேர்த்தபோது அணுவால் ஏ.டி.பி.யைத் தக்கவைக்க முடிந்தது, கெடு 35 நாளாயிற்று. இன்றைய எஸ்.ஏ.ஜி.எம். கரைசலில் 42 நாள். ஆனால் பி.பி.ஜி. மட்டும் முதல் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. அதற்குப் பின் ஏற்றும் ரத்தம் நுரையீரலில் நன்றாக நிரம்பும், திசுவில் கையை விரிக்கத் தயங்கும். உடம்புக்குள் போன பிறகு ஓரிரு நாளில் பி.பி.ஜி. மீண்டும் உருவாகிவிடுகிறது. அப்படியானால் புது ரத்தம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில் புது ரத்தம் ஏற்றியவர்களுக்கும் வழக்கமான ரத்தம் ஏற்றியவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பெரும்பாலான நோயாளிகளின் உடம்பு அந்த ஓரிரு நாளைச் சமாளித்துவிடுகிறது.

கருவிலிருக்கும் குழந்தை இதே பி.பி.ஜி.யை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. அதன் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. 143-வது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் செரின். குழியில் நேர் மின்னேற்றம் குறைந்ததால் பி.பி.ஜி. சரியாக ஒட்டாது, பிடி இறுகுகிறது. நஞ்சுக்கொடியில் அம்மாவின் ஹீமோகுளோபின் விடும் ஆக்சிஜனைக் குழந்தையின் ஹீமோகுளோபின் வாங்கிக்கொள்வது இப்படித்தான். பி.பி.ஜி.யைக் கழுவிவிட்டுச் சோதித்தால் இருவருடையதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

உயரமான மலைக்குப் போனால் ஒரு நாளுக்குள் பி.பி.ஜி. கூடத் தொடங்கும். ஓரளவு உயரம் வரை இது நல்ல தந்திரம்தான். மிக உயரத்தில் ஏற்றுவதே சிக்கலாகிவிடும். அங்கே தாராளமாக விடும் ஹீமோகுளோபினால் பயனில்லை. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகளுக்கு இந்தக் கேள்வி அன்றாடப் பிழைப்பு. இமயமலையை 7,000 மீட்டருக்கு மேலான உயரத்திலும் தாண்டுகிற பறவை அது. அதன் ஆல்பா சங்கிலியில் 119-வது இடத்தில் மற்ற வாத்துகளுக்கு உள்ள புரோலின் இல்லை, அலனின் இருக்கிறது. இறுகிய வடிவத்தைத் தாங்கும் ஒரு தொடுபுள்ளி அதனால் போய்விடுகிறது, ஆக்சிஜன் பிடி கூடுகிறது. ஒரே ஓர் அமினோ அமிலம். அந்த வாத்தின் பெரிய நுரையீரலும் தசையில் அடர்ந்த நுண்குழாய்களும் இல்லாமல் இது மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். (பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, பி.பி.ஜி.க்குப் பதில் வேறொரு பாஸ்பேட் சேர்மம் இந்த வேலையைச் செய்கிறது.)

சிவப்பணுவின் மற்ற பெரிய செலவு, துருப்பிடிக்காமல் இருப்பது. ஹீமில் இருக்கும் இரும்பு இரும நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். ஆக்சிஜனோடு ஓயாமல் உரசிக்கொண்டிருப்பதால் தினமும் ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் வரை இன்னும் ஓர் எலக்ட்ரானை இழந்து மும்ம நிலைக்குப் போய், மெத்ஹீமோகுளோபின் ஆகிறது. அதற்குச் சுமக்கத் தெரியாது. குளுக்கோஸ் உடையும்போது கிடைக்கும் என்.ஏ.டி.எச். என்ற எலக்ட்ரான் தரும் மூலக்கூறைக் கொண்டு ஒரு நொதி இதைத் திருப்பி மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நொதி பரம்பரையாகக் குறைந்த ஒரு குடும்பத்தார் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக நீலம் பாரித்த தோலோடு வாழ்ந்தார்கள். பச்சிளம் குழந்தைகளிடம் அந்த நொதி இயல்பாகவே குறைவு. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் குழந்தை நீலமாவது இதனால்தான்.

குளுக்கோஸின் ஒரு சிறு பங்கு, பத்தில் ஒன்று அளவுக்கு, இன்னொரு பாதையில் போகிறது. அங்கே கிடைக்கும், அதே மாதிரி எலக்ட்ரான் தரும் என்.ஏ.டி.பி.எச்.தான் குளூட்டதயோன் என்ற காவல் மூலக்கூறைத் தயார்நிலையில் வைத்து, பெராக்சைடு போன்றவை ஹீமோகுளோபினையும் சவ்வையும் சிதைக்காமல் தடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாத இந்த அணுவுக்கு வேறு வழி இல்லை. அந்தப் பாதையின் வாசலில் இருக்கும் நொதி ஜி6பிடி. அதன் குறைபாடு உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு உண்டு. மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு தருவதால் மலேரியா பரவிய நாடுகளில் தங்கிவிட்டது. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளையே அதிகம் தாக்கும். சாதாரண நாட்களில் தெரியவே தெரியாது. மலேரியாவுக்குப் பிரைமாகுயின் மாத்திரை தின்றபின் சிறுநீர் கறுத்துக் கண் மஞ்சளானால்தான் தெரியவரும். 1956-இல் இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டதே பிரைமாகுயின் ஒத்துக்கொள்ளாதவர்களை ஆராய்ந்தபோதுதான்.

நம் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கிறது. நாப்தலீன் சேர்ந்த பாச்சை உருண்டை. மூத்த பிள்ளையின் பழைய துணியை உருண்டை போட்டு மூட்டைகட்டி வைத்திருந்து, புதிதாகப் பிறந்த குழந்தைக்கு அப்படியே எடுத்துப் போர்த்துவார்கள். ஜி6பிடி குறைந்த குழந்தையாக இருந்தால் அந்த ஆவியே சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். துணியைத் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்தாலே ஆபத்து பெருமளவு குறையும். குழந்தையின் துணியில் அந்த உருண்டையைப் போடாமலே இருப்பது இன்னும் நல்லது. மெத்ஹீமோகுளோபின் கூடியவர்களுக்குக் கொடுக்கும் மெத்திலீன் புளூ என்ற மருந்தும் வேலை செய்ய என்.ஏ.டி.பி.எச். வேண்டும். அதனால் ஜி6பிடி குறைந்தவருக்கு அது உதவாது, கெடுதலும் செய்யலாம்.

ரைபோசோம் இல்லாததால் தேய்ந்த நொதிகளுக்குப் பதில் புதியவற்றைச் செய்யவும் சிவப்பணுவால் முடியாது. இருப்பதை வைத்து ஓட்டி, ஏறக்குறைய 120 நாளில் மண்ணீரலிலும் கல்லீரலிலும் விழுங்கப்படுகிறது. இந்த 120 நாளை நம்பித்தான் சர்க்கரை நோயாளிகள் எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை நிற்கிறது. குளுக்கோஸ் எந்த நொதியின் உதவியும் இல்லாமல் பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தில் மெதுவாக ஒட்டிக்கொள்கிறது. அணு சாகும்வரை போகாது. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1960களின் இறுதியில் தெஹ்ரானில் கவனித்தவர் சாமுவேல் ரஹ்பர். 'மூன்று மாத சர்க்கரை' என்று நாம் சொல்வது உண்மையில் சிவப்பணுவின் ஆயுளை. ஆயுள் குறைந்தால் எண் பொய் சொல்லும். அணுக்கள் சீக்கிரம் உடையும் நோயிருந்தால் எண் குறைவாக வரும். இரும்புச்சத்துக் குறைவில் பழைய அணுக்கள் கூடுதலாக இருப்பதால் உயர்வாக வரக்கூடும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அப்படிப்பட்ட நாட்டில் ஹெச்பிஏ1சி-யைப் பார்க்கும்போது பக்கத்தில் ஹீமோகுளோபின் எண்ணையும் பார்ப்பது நல்லது.

விடுகிற வேலையே வினையாகிப்போன நோய் ஒன்று உண்டு: அரிவாள் செல் சோகை. பீட்டா சங்கிலியின் 6-வது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். ஆக்சிஜன் ஏறியிருக்கும்வரை தொல்லை இல்லை. விட்டதும் இறுகிய வடிவத்தில் திறக்கும் ஒரு பள்ளத்தில் பக்கத்து மூலக்கூறின் வாலின் போய்ச் செருகிக்கொள்கிறது. அப்படியே சங்கிலித்தொடராக நீண்டு, அணு அரிவாள்போல் வளைந்து விறைக்கிறது, நுண்குழாய்கள் அடைபடுகின்றன. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மரபணு இருப்பதை உலகுக்குத் தெரிவித்தார்கள். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் தொடர்கிறது. 2023-இல் மத்திய அரசு இதற்கென்று தனித் திட்டமே தொடங்கியிருக்கிறது.

ஆக்சிஜனை விட்டால்தானே பிரச்சினை, விடாமல் பார்த்துக்கொண்டால் என்ன? இந்த யோசனையில் பிறந்த மருந்து வாக்ஸலோடார். ஹீமோகுளோபினைத் தளர்ந்த வடிவத்திலேயே பிடித்து வைக்கும். அணுக்கள் உடைவது குறைந்தது, ஹீமோகுளோபின் எண் ஏறியது. அந்த எண்ணை நம்பி 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஏறிய ஹீமோகுளோபினில் ஒரு பகுதி ஆக்சிஜனை விடாது என்றால் மூளைக்கு என்ன லாபம் என்று சில ரத்தவியல் நிபுணர்கள் மருந்து சந்தைக்கு வருமுன்பே கேட்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் ஃபைசர் நிறுவனம் அதை உலகெங்கும் திரும்பப் பெற்றது. மருந்து எடுத்தவர்களிடம் ரத்தக்குழாய் அடைப்பு வலியும் இறப்பும் எதிர்பார்த்ததற்கு மாறாகக் கூடுதலாகத் தெரிந்தன, பலனைவிட ஆபத்து அதிகம் என்பது நிறுவனம் சொன்ன காரணம். பழைய ஹைட்ராக்ஸியூரியா இன்னும் முதல் வரிசை மருந்தாகவே இருக்கிறது. அது கருவில் இருந்த காமா சங்கிலி ஹீமோகுளோபினை மறுபடி கூட்டி, வாலின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதை இடையில் புகுந்து தடுக்கிறது.